விற்கிறவர் பக்கம்

அத்தியாயம் 17

பல வருஷமாக வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த புஷ்பத்தின் கைக்கு முதன்முதலாக ஒரு மனை வந்திருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கிழக்குப் பார்த்த ஒரு கிரவுண்டு. விற்கிறவர் ஜெய்னப். அவர் வீட்டு மாடிக்குக் குடித்தனம் கொண்டுவந்து வைப்பது எப்போதும் புஷ்பம்தான். வைத்த குடித்தனம் எதுவும் வாடகையில் தகராறு செய்ததில்லை. அதனால் மனையை விற்க நேர்ந்தபோது ஜெய்னப் வேறு ஆளைத் தேடவில்லை. நீயே பார் என்று சொல்லிவிட்டார்.

புஷ்பத்தின் புருஷன் முனிரத்தினம் நில புரோக்கர். மனைவி கைக்கு மனை வந்திருக்கிறது என்று கேட்டதும் போன மாசம் அவன் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது. வாடகை வீடு என்றால் சாவியை வாங்கிக் காட்டிவிட்டு வரலாம், மனை அப்படியில்லை, பட்டா பார்க்கணும், வில்லங்கம் பார்க்கணும், இதெல்லாம் பொம்பளை வேலையா என்றான். புஷ்பம் மறுநாள் காலையில் போய் வில்லங்கச் சான்றுக்கு மனு எழுதிப் போட்டுவிட்டு வந்தாள்.

அவர்கள் சேலையூர் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த ஊர், எந்தத் தெரு, பார்ட்டி யார் என்று வீட்டுக்குள் யாரும் பேசக் கூடாது. முன்பொரு நாள் முனிரத்தினம் சோறு தின்றுகொண்டே மாடம்பாக்கத்து மனை ஒன்றின் சொந்தக்காரர் பெயரைச் சொல்லிவிட்டான். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அவன் சித்தப்பா மகன் மோர் சாதத்துக்குக் கூட நிற்கவில்லை. கை கழுவிவிட்டு நேராக மாடம்பாக்கம் போய் அந்த மனையை முடித்துவிட்டான். அன்றைக்குப் போட்ட கட்டுப்பாடு புருஷன் பெண்டாட்டிக்கும் சேர்த்துத்தான்.

அதனால் அவன் பார்ட்டியின் பெயர் அவளுக்குத் தெரியாது. அவள் பார்ட்டியின் பெயர் அவனுக்குத் தெரியாது.

ஊரையும் பேரையும் மட்டும்தான் பூட்டி வைத்தார்கள். மற்றதையெல்லாம் திறந்து போட்டார்கள். புரோக்கர் தொழிலில் பேச்சுதான் சரக்கு. அதை வீட்டுக்கு வந்து அடக்கி வைக்க யாராலும் முடியாது. முனிரத்தினம் ராத்திரி சாப்பாட்டில் தன் பார்ட்டியின் சம்சாரத்தைப் பற்றிச் சொல்வான். மகளைக் கட்டிக்கொடுத்த தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மனையைப் பார்த்துவிட்டாளாம், அதைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். புஷ்பம் குழம்பைக் கிளறிக்கொண்டே நாத்தனார் அங்காளம்மாளிடம் சொல்வாள். தன் பார்ட்டியின் மகனுக்கு ஒரு கடை படிந்திருக்கிறது, மாசக் கடைசிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் கை நழுவிப் போய்விடும், அந்தம்மா தவித்துப் போகிறது என்று. அவள் அதைச் சொன்ன அன்று முனிரத்தினம் பின்கட்டில் கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தான்.

ஆனி மாதம், நல்ல முகூர்த்த நாள். இன்றைக்குத்தான் புஷ்பத்தின் மனைக்கு அக்ரிமெண்ட்.

விடிந்ததும் முனிரத்தினம் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றான். காபி கூட வேண்டாம் என்றான்.

"இன்னாடா முனி, பொண்ணு பாக்கப் போறியா?" என்றாள் அங்காளம்மாள்.

கட்டினவனை விட்டு வந்து தம்பி வீட்டோடு இருப்பவள். தெருக்கோடியில் மாவு மெஷின் வைத்து நடத்துகிறாள். தம்பியின் சோற்றைத் தின்னவில்லை என்பதால் தம்பியை என்ன வேண்டுமானாலும் கேட்பாள்.

முக்கியமான பார்ட்டி என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் டிவிஎஸ் ஃபிப்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். புஷ்பத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. மனைவி நில வியாபாரத்துக்குப் போவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு புடவையைக் கட்டினாள்.

"கையில பை இல்லாம போனா எவன் உன்னைப் புரோக்கர்னு மதிப்பான்? இந்தா, இத்த எடுத்துக்கினு போ" என்று அங்காளம்மாள் தன் ரெக்ஸின் பையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டுக் கொடுத்தாள். "குறைச்சலா முடிச்சிட்டு வந்து நிக்காத. உன் புருஷன் ஒரு மாசம் சொல்லிக் காட்டுவான்."

"பேசின விலைக்கு ஒரு ரூபா கம்மியா முடிக்க மாட்டேன் அண்ணி" என்றாள் புஷ்பம்.

தாம்பரத்தில் பதிவு அலுவலகம் இருக்கும் தெருவுக்கு ஒரு சம்பிரதாயம் இருந்தது. முன்பணம் கை மாறும் வரை விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் பேசிக்கொள்வார்கள். பேசிக்கொண்டால் நடுவில் புரோக்கர் எதற்கு என்று ஒரு யோசனை வரும். அதனால் ஒரு பார்ட்டியைத் தெருவின் இந்தக் கோடியில் உட்கார வைப்பார்கள், இன்னொரு பார்ட்டியை அந்தக் கோடியில். இரண்டு பக்கத்துப் புரோக்கர்களும் நடுவில் சந்தித்துப் பேசிவிட்டுத் தத்தம் பார்ட்டியிடம் திரும்புவார்கள். மறுபடி வருவார்கள். ஒரு மனை முடிவதற்குள் செருப்பு தேயும்.

ஜெய்னப் தன் அண்ணன் மகனின் ஜவுளிக் கடையில், மடித்து அடுக்கிய போர்வைகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகன் நசீருதீன் கேளம்பாக்கத்தில் கடைக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தான். ஜெய்னப் ஐந்து தொழுகையும் தவறாதவர், அதிகம் பேசாதவர். புருஷன் இறந்த பிறகு வாடகை வாங்குவது, வரி கட்டுவது, சண்டை போடுவது எல்லாம் அவரே.

வாங்குகிறவரைக் கொண்டுவந்தது சேலையூர் ஜெயவேலு. நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் இணைத்துவிடும் புரோக்கர். வாங்குகிறவர் பக்கம் பேச ஓர் ஆள் இருக்கிறார், பேரை முன்பணத்தன்று சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தான். அதுவும் தொழில் வழக்கம்தான். புஷ்பம் மேலே கேட்கவில்லை.

இப்போது ஜெயவேலு பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். எதிர்ப்பார்ட்டி பத்திரம் எழுதும் பாட்சா பாய் ஷெட்டில் உட்கார்ந்தாயிற்று, அவர்கள் பக்கத்து ஆள் கரும்பு ஜூஸ் வண்டியாண்டை நிற்கிறார் என்றான்.

"இன்னாத்துக்குடா இளிக்கிற?"

"போய்ப் பாருக்கா" என்றான்.

கரும்பு ஜூஸ் வண்டியாண்டை கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் முனிரத்தினம் நின்றான்.

புஷ்பத்துக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்து, ஒரே மனையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஊர் பேர் சொல்லாமல் இத்தனை நாள் சுற்றியிருக்கிறார்கள். ஊரில் இதைக் கேட்டால் வருஷம் முழுக்கச் சிரிப்பார்கள்.

அவன் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"நாலஞ்சு நாளாகுது. இடத்தைப் பாக்கப் போனேன். பாயம்மா மனைன்னாங்க. நீ குடித்தனம் வெக்கிற பாயம்மாவா இருக்குமோன்னு ஜெயவேலுவைப் புடிச்சி உலுக்கினேன், கக்கிட்டான்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வேலைக்கு வந்தான். அவன் பார்ட்டி பேசிய விலைக்கு வரமாட்டாராம். எட்டில் ஒரு பங்கு குறைத்தால் இன்றைக்கே கையெழுத்து.

பேசி முடித்த விலையாயிற்றே என்றாள் புஷ்பம்.

"அந்தம்மா ஒத்துக்கும். மாசக் கடைசிக்குள்ள பையனுக்குக் கடை முடிக்கணும். இன்னிக்கு வுட்டா வேற பார்ட்டி புடிச்சி அக்ரிமெண்ட் போட நாள் கீதா? நீயே சொல்லு."

புஷ்பம் அவன் முகத்தையே பார்த்தாள்.

அந்தச் சேதி இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஜெயவேலுவுக்கும் தெரியாது. அவள் அதைச் சொன்னது ஓரிடத்தில்தான்.

"அது என் அடுப்பாண்ட பேசினது" என்றாள்.

"காதுல வுழுந்துடுச்சி. தெரிஞ்சத எப்படித் தெரியலன்னு வெச்சிக்கறது? பார்ட்டிக்குச் சொன்னேன். சொல்லாம இருந்தாத்தான் அது என் பார்ட்டிக்குத் துரோகம்."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவன் மேலும் பேசிக்கொண்டே போனான். இரண்டு பக்கத்துக் கமிஷனும் ஒரே வீட்டுக்கு வரப்போகிறது. இந்தத் தாம்பரத்தில் எந்தப் புரோக்கருக்கு அப்படி வாய்த்திருக்கிறது? அவள் போய் அந்தம்மாவை ஒத்துக்கொள்ள வைத்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். யார் யாருக்கு உறவு என்று எந்தப் பார்ட்டிக்கும் தெரிய வேண்டியதில்லை.

அவள் வாயில் ஒன்று வந்து நின்றது. அவன் பார்ட்டியின் சம்சாரம் இந்த மனையைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு இழு இழுத்தால் பேசிய விலைக்கு மேலேயே போகலாம். அவன் செய்ததைத்தானே அவளும் செய்கிறாள், கேட்பார் யார்?

ஆனால் செய்துவிட்டால் பிறகு அவனைப் பார்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. புஷ்பத்துக்கு அந்த ஒரு வார்த்தை பேச வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னாம்மே யோசிக்கிற? போ, போய்ப் பேசு" என்றான் முனிரத்தினம்.

"பேசறேன்" என்று சொல்லிவிட்டு ஜவுளிக் கடைப் பக்கம் நடந்தாள்.

இந்த நாட்டில் ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும், பெட்டிக்கடை போட லைசென்ஸ் வேண்டும். மனை புரோக்கருக்கு ஒன்றும் வேண்டாம். செருப்பும் வாயும் இருந்தால் போதும். ஆனால் போன வருஷம் ஒரு கமிஷன் வழக்கில் சாட்சி சொல்லிவிட்டு வந்த பாட்சா பாய், கோர்ட்டில் கேட்டதை ஷெட்டில் உட்கார்ந்து எல்லாருக்கும் சொன்னார். புரோக்கருக்கென்று தனிச் சட்டம் கிடையாது, ஆனால் பொதுச் சட்டத்தில் ஏஜெண்டு என்று ஒன்று இருக்கிறதாம். யாருக்காகப் பேசுகிறாயோ அவரிடம் உன் சொந்த சம்பந்தத்தை மறைக்கக் கூடாதாம். மறைத்தால் கமிஷன் கேட்க உனக்கு வாயில்லையாம். அன்று அங்கே இருந்த புரோக்கர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முனிரத்தினமும் சிரித்தான். அப்படிப் பார்த்தால் பாதித் தாம்பரத்துக்கு வாயிருக்காது என்றான்.

புஷ்பம் அன்றைக்குச் சிரித்தாளா என்று அவளுக்கே நினைவில்லை.

ஜெய்னப் முன்னால் போய் நின்றாள். உட்காரவில்லை.

"அக்கா, வாங்கறவங்க பக்கம் பேசறது என் வூட்டுக்காரர். எனக்கு இப்பத்தான் தெரியும். உங்க பையன் கடை விஷயத்தை நான் வூட்டுல பேசிட்டேன். உங்க பேரைச் சொல்லல, மத்ததைச் சொல்லிட்டேன். அது அவர் காதுல வுழுந்து அந்தப் பார்ட்டி வரைக்கும் போயிடுச்சி. அதனாலதான் விலையைக் குறைக்கிறாங்க."

ஜெய்னப் கையிலிருந்த கலர் சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். அண்ணன் மகன் கத்தரியை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"நான் உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்" என்றார் ஜெய்னப்.

"ஆமாக்கா."

"இப்ப நான் வேற ஆளைப் பார்த்துக்கட்டுமா?"

அந்தக் கேள்வி வரும் என்று புஷ்பத்துக்குத் தெரியும். முதல் மனை, இத்தனை நாள் அலைச்சல், வீட்டில் சிரித்த சிரிப்பு எல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் வரிசையாக நின்றன. வேறு ஆளைப் பார்த்துக்கொண்டால் நாளைக் காலையில் ராஜகீழ்ப்பாக்கம் முதல் பெருங்களத்தூர் வரை தெரிந்துவிடும், புஷ்பத்தின் கையிலிருந்து மனையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று. அதற்குப் பிறகு வாடகை வீட்டுச் சாவி கூட எவரும் கொடுக்கமாட்டார்கள்.

"பாத்துக்கலாம். அது உங்க இஷ்டம்" என்றாள். "ஆனா அதுக்கு முன்னாடி என்கூட வாங்க. அந்தப் பார்ட்டி முன்னாடி நீங்க உக்காருங்க. நான் பேசறதெல்லாம் உங்க காது கேக்கப் பேசறேன். ஒரு வார்த்தை புடிக்கலன்னாலும் அங்கேயே என்னை நிறுத்திடுங்க."

"பார்ட்டியும் பார்ட்டியும் பார்க்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். அது புரோக்கருக்கு நல்லது. உங்களுக்கு இன்னிக்கு அது நல்லதில்ல."

ஜெய்னப் அவளை ஏற இறங்கப் பார்த்தார். குடித்தனம் வருகிறவர்களை அப்படித்தான் பார்ப்பார். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார்.

அந்தத் தெரு அதுவரை அப்படியொரு காட்சியைப் பார்த்ததில்லை. முன்பணத்துக்கு முன்பே விற்கிற பார்ட்டியைப் புரோக்கரே கையோடு கூட்டிக்கொண்டு நடுத்தெருவில் நடந்தாள். ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயவேலு வாயிலிருந்த ஜூஸை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் குறுக்கே ஓடி வந்தான்.

"யக்கா, பார்ட்டிய எங்க இட்டுக்கினு போற? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

அவள் நிற்கவில்லை. முனிரத்தினம் வண்டியாண்டையிலிருந்து நகரவே இல்லை. மனைவி தன்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனும் பின்னால் வந்தான்.

பாட்சா பாயின் ஷெட் தகரக் கூரை போட்டது. உள்ளே அனல். தோத்தாத்ரி என்ற அந்த வாங்குகிறவர் பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குடையை மடக்கி முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முக்காடு போட்ட ஒரு பெண்மணி எதிரில் வந்து உட்கார்ந்ததும் யார் என்று கேட்கும் பாவனையில் முனிரத்தினத்தைப் பார்த்தார்.

புஷ்பம்தான் பேசினாள்.

"சார், இவங்கதான் மனைக்குச் சொந்தக்காரங்க. நான் இவங்க பக்கத்து புரோக்கர், பேரு புஷ்பம். உங்க பக்கம் பேசறவரு என் புருஷன். இது இன்னிக்குக் காலையில வரைக்கும் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இவங்களுக்கும் தெரியணும்னு சொல்றேன். தெரிஞ்ச பிறகு வேணாம்னா இப்பவே எழுந்து போயிடலாம், யாருக்கும் மனவருத்தம் இல்ல."

பாட்சா பாய் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தார்.

தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்கிட்ட இதை யாரும் சொல்லலையே" என்றார். அவர் கேட்டது முனிரத்தினத்தை. அவன் கூரையைப் பார்த்தான். "அப்போ இந்த மாசக் கடைசி விஷயம் உங்க வீட்டிலேர்ந்து வந்ததா?"

"எங்க வூட்டுலேர்ந்துதான் சார். பேசினது நான்" என்றாள் புஷ்பம்.

ஜெய்னப் வாயைத் திறந்தார். "அது உண்மைதான் சார், மறைக்கல. மகனுக்குக் கடை வேணும்னுதான் விக்கிறேன். ஆனா நான் கடன்ல முங்கிப் போயி விக்கல. இந்தக் கடை கைவிட்டா அவன் வேற கடை பார்ப்பான், இளவயசுதானே, நாலு மாசம் சும்மா இருந்தா ஒண்ணும் தேய்ஞ்சுட மாட்டான். பேசின விலை உங்களுக்குச் சரின்னா எழுதுங்க. இல்லன்னா நான் வீட்டுக்குப் போறேன், அடுப்புல வேலை இருக்கு."

அதோடு அவர் பேச்சு முடிந்தது. மாசக் கடைசி என்ற ஆயுதம் அந்த இடத்திலேயே துருப்பிடித்துப் போயிற்று.

தோத்தாத்ரி எழுந்து போய்விடலாம். புஷ்பம் அவர் குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்தால் இவளுடைய மனையும் போயிற்று, முனிரத்தினத்தின் பார்ட்டியும் போயிற்று. ஒரே நாளில் இரண்டையும் கெடுத்தவள் என்று வீட்டில் பெயர் வாங்க வேண்டியதுதான். இப்போதும் அவர் சம்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை போட்டால் அவரை உட்கார வைத்துவிடலாம். மகளைப் பக்கத்துத் தெருவில்தானே கொடுத்திருக்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாலே போதும்.

கேட்கவில்லை. அதைத் தொடாமல் நிற்பதற்கு அவளுக்கு என்ன பிடிவாதம் வேண்டியிருந்தது என்று அந்த ஷெட்டில் இருந்தவர்களில் முனிரத்தினம் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த நொடி சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"குறைச்சுக் கேளுங்கன்னு நான் சொல்லலை" என்றார் தோத்தாத்ரி கடைசியில். "கிடைக்கும்னார், சரின்னேன். கிடைக்கறதை யார் வேண்டாம்பா? ஆனா நேரே பார்த்து உட்கார்ந்த பிறகு எனக்கு அது ஒரு மாதிரியா இருக்கு. முதல்ல பேசின விலைக்கே எழுதிக்கலாம்."

ஜெய்னப் தலையை அசைத்தார். பாட்சா பாய் முத்திரைத் தாளை எடுத்தார். ஜெயவேலு வாசலில் நின்றபடி மூச்சு விட்டான்.

"ஒரு விஷயம்" என்று தோத்தாத்ரி கையைத் தூக்கினார். "இனிமே என் பக்கமும் இந்தம்மாவே பார்க்கட்டும். ரெஜிஸ்ட்ரேஷன் வரைக்கும் இவங்ககிட்டயே பேசிக்கறேன். இவர் வேண்டாம். ரெண்டு பக்கத்துக் கமிஷனும் இவங்களே வாங்கிக்கட்டும்."

முனிரத்தினத்தின் முகம் கறுத்தது. தெருவில் எத்தனையோ பேர் அவனைத் திட்டியிருக்கிறார்கள். மனைவியை முன்னால் வைத்துக்கொண்டு யாரும் அவனை எடுத்தெறிந்ததில்லை. ஜெயவேலு செருப்பைக் குனிந்து பார்த்தான்.

"முடியாது சார்" என்றாள் புஷ்பம்.

தோத்தாத்ரி நிமிர்ந்து பார்த்தார்.

"நான் விக்கிறவங்க பக்கம். உங்க பக்கமும் நானே உக்காந்தா யாருக்காகப் பேசறேன்னு எனக்கே தெரியாது. உங்களுக்குக் குறைச்சலா வாங்கித் தரணும்னுதான் அவரு பாத்தாரு. அது அவர் வேலை, அதுல தப்பு இல்ல. வந்த வழிதான் தப்பு. அதை நான் வூட்டுல கேட்டுக்கறேன். உங்க பக்கத்து ஆளா அவரே இருக்கட்டும். உங்களுக்காக அலைஞ்சது அவரு, அவருக்குச் சேர வேண்டியது அவருக்குத்தான் சேரணும்."

தோத்தாத்ரி சரி என்பதுபோல் குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். உட்காரத் தீர்மானித்த ஆள் செய்கிற காரியம் அது.

டைப்ரைட்டர் ஓடத் தொடங்கியது. எல்லை எழுதினார்கள், விலை எழுதினார்கள், கெடு எழுதினார்கள். முன்பணம் கை மாறியது. ஜெய்னப் கையெழுத்துப் போட்டார், தோத்தாத்ரி போட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு வந்தது. அந்தத் தெரு வழக்கப்படி விற்கிறவர் பக்கத்துப் புரோக்கர் முதல் சாட்சி, வாங்குகிறவர் பக்கத்துப் புரோக்கர் இரண்டாம் சாட்சி.

பெண் ஒருத்தி அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது பாட்சா பாய்க்கும் புதிது. முனிரத்தினம் மனைவி புஷ்பம் என்று அடித்துவிட்டு, தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று அடிக்கப் போனார்.

"பாய், அங்க மனைத் தரகர்னு போடுங்க" என்றாள் புஷ்பம்.

பாய் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அடித்தார். அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். வாடகை ஒப்பந்தங்களில் எத்தனையோ முறை சாட்சி இடத்தில் முனிரத்தினத்துக்குப் பதிலாக அவன் பெயரை எழுதியிருக்கிறாள். இன்றைக்கு எழுதியது அவள் பெயர். அவசரப்படாமல் எழுதினாள். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்தாள். நிமிர்ந்தபோது முதுகு நேராக இருந்தது.

பேனா முனிரத்தினத்திடம் போயிற்று.

அவன் வாங்கினான். தாளைப் பார்த்தான். அவள் பெயருக்குக் கீழே அவனுக்கான கோடு இருந்தது. மனைத் தரகர் என்ற எழுத்துகளை ஒருமுறை படித்தான். அவன் உதடு அசைவதை அவள் பார்த்தாள். பேனாவை மூடிப் பலகைமேல் வைத்தான். யாரிடமும் எதுவும் சொல்லாமல் வெளியே போய்விட்டான்.

ஜெயவேலு அவன் பின்னால் ஓடப் பார்த்தான். புஷ்பம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒரு சாட்சி குறைஞ்சா இந்த அக்ரிமெண்ட் ஒண்ணும் கெட்டுப் போகாது" என்றார் பாட்சா பாய், பார்ட்டிகளுக்குக் கேட்கும்படி. "ரெஜிஸ்ட்ரேஷனுக்குத்தான் ரெண்டு பேர் கட்டாயம் வேணும். இதுல இப்ப ஜெயவேலுவைப் போடச் சொல்லட்டா?"

ஜெயவேலு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேவிட்டான்.

"வேணாம் பாய். அந்த இடம் வாங்கறவங்க பக்கத்துப் புரோக்கருது. காலியாவே இருக்கட்டும்."

"வராம போயிட்டா?"

புஷ்பம் ஷெட்டுக்கு வெளியே பார்த்தாள். முனிரத்தினம் தெருவுக்கு அந்தப் பக்கம், தன் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். கிளப்பவில்லை. இறங்கவும் இல்லை. வெள்ளைச் சட்டையின் கஞ்சி வியர்வையில் கரைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அவன் பார்வை இந்தப் பக்கம் இல்லை, ஆனால் போகவும் இல்லை.

"கெடு முடியறதுக்குள்ள வரணும் பாய்" என்றாள். "அதுவரைக்கும் அந்த இடத்துல வேற யாரையும் போட விடாதீங்க."

பாட்சா பாய் தாளை மடிக்காமல் அப்படியே எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்தார்.